தானாக இறங்கிய பெடல்

"என்ஜினை அணைத்துவிட்டுப் பிரேக் பெடல் கல்லாக இறுகும்வரை மிதியுங்கள் சார். காலை எடுக்காமல் சாவியைத் திருப்புங்கள்."

பெங்களூரு ஜே.சி. ரோடு பட்டறையில் வேலூர்க்கார மெக்கானிக் சொன்னபடியே செய்தேன்.

காலுக்கடியில் பெடல் மெல்ல இறங்கியது. புதிதாகப் பொருத்திய பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது!

என் கார் எம்ஜிபி, 1962இல் அறிமுகமான பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் மாடல். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். இதுவரை பிரேக் பிடித்தால் தொடை வலிக்கும். இனி என்ஜின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம், பெடல் இயக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் எண்ணெய் அழுத்தத்தைப் பெருக்கிச் சக்கரங்களுக்கு அனுப்பும்.

வண்டி சட்டென்று நிற்கும் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். டயரின் பிடிமானம் அதேதான், காலின் உழைப்புதான் குறைகிறது.

அசல் கெட்டுவிட்டதே என்று முணுமுணுக்கும் பழங்கார் பக்தர்கள், மாலை ஆறு மணிக்கு நெரிசலில் திணறும் சில்க் போர்டு சந்திப்புக்கு என்னுடன் வரட்டும். பழைய பெடலோடு!