போட்டோ சிங்க் தகராறு: இதுவரை கண்டுபிடித்தது

போனில் எடுத்த படங்கள் டெஸ்க்டாப்புக்கு அரைகுறையாகத்தான் வந்துகொண்டிருந்தன. இங்கிருந்து கிளவுடுக்கு ஏற வேண்டியவையோ "இன்னும் சில மீதி" என்று காட்டியபடி மணிக்கணக்கில் நிற்கும். ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் நகரும், அப்புறம் பழையபடியே. போன வாரம்தான் இதைக் குடைய நேரம் கிடைத்தது.

எதிலும் கை வைப்பதற்கு முன் மொத்தத்தையும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி போட நினைத்தேன். சிங்க் என்பது பேக்கப் இல்லை. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் போய்விடும். அங்கேயே முதல் துப்பு கிடைத்தது. ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் 'சைஸ்' பெரிய எண்ணாக இருக்கிறது, 'சைஸ் ஆன் டிஸ்க்' அதில் கால்வாசிகூட இல்லை. அதாவது பெரும்பாலான படங்கள் இங்கே பெயருக்குத்தான் இருக்கின்றன, திறந்தால்தான் இறங்கும். பின்னணியில் ஓடிய போட்டோ கேட்டலாக் மென்பொருள் ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்கிற சாக்கில் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டிருந்தது. அதை மூடியதும் இறங்குகிற வரிசை மளமளவென்று காலியானது. பிறகு எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, முழுதாக இறங்கியபின் காப்பி எடுத்தேன்.

டேட்டா செலவைக் கட்டுப்படுத்தும் மீட்டர்டு கனெக்‌ஷன், டிஸ்கில் காலி இடம், கடிகாரம் எல்லாம் சரியாகவே இருந்தன. கடிகாரம் எதற்கு என்றால், தேதி தவறாக இருந்தால் சர்வரின் சான்றிதழைச் சரிபார்ப்பதே தோற்றுப்போகும்.

ஏறாமல் நிற்பவற்றைப் பிடிக்கப் பாதி பாதியாகப் பிரிப்பதுதான் வழி. ஃபோல்டர்களை வெளியே நகர்த்திச் சோதிக்கக் கூடாது, கிளவுடிலிருந்தும் காணாமல் போகும். சிங்க் ஆக வேண்டிய ஃபோல்டர்களைத் தேர்ந்தெடுக்கிற செட்டிங்கில் பாதியை அணைத்தேன். சிக்கல் எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை மறுபடி பாதியாக்கினேன். இப்படிக் குறைத்துக்கொண்டே போனதில், ஒரே இடத்தில் 'தோட்டம்' என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள்! ஒரே பெயரில் இரண்டு இருக்க விண்டோஸ் விடாதே?

பைத்தான் நிரல்மொழியில் இரண்டு பெயர்களின் நீளத்தையும் கேட்டேன். எழுத்து, குறி, புள்ளி என்று ஒவ்வொன்றையும் தனியாக எண்ணுவதில் ஒன்று 7, மற்றது 8. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் 'தோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: த-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே வரலாம், அல்லது ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஒகாரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இந்த வில்லங்கம் உண்டு. 8 எழுத்துக்காரர் பழைய மேக் டிஸ்கிலிருந்து வந்தவர். அதிலிருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் அமைப்பு பெயர்களில் இந்தக் குறிகளைப் பிரித்தே சேமிக்கும். விண்டோஸின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ் இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே பார்க்கிறது. கிளவுட் பக்கம் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது என்றுதான் தோன்றுகிறது. கிளவுடில் இருப்பது ஒன்றே ஒன்று, இங்கே இருவர். வேறெப்படி முடியும் இந்தச் சண்டை?

பெயரிலுள்ள குறிகளைச் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றி, மாறுகிறவற்றை மட்டும் பட்டியலிடும் நாலு வரி ஸ்கிரிப்ட் போட்டேன். எதிர்பார்த்ததைவிட நீளமான பட்டியல். ஜோடியாக இருந்தவற்றில் ஒன்றுக்கு வேறு பெயர் வைத்து, சிங்க் முடிகிறவரை காத்திருந்து, ஃபைலின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்களை ஒப்பிட்டு, இல்லாத படங்களை மட்டும் மற்றதில் சேர்த்தேன். பெயரை நேரடியாக மாற்றப் போனால், அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று எரர் வரும்.

ஒரு சில ஃபைல்கள் விண்டோஸின் 260 எழுத்துப் பாதை வரம்பைத் தாண்டியிருந்தன. ஃபோல்டர் அடுக்கைக் குறைத்ததும் ஏறிவிட்டன.

'மீதி' வரி இப்போது காட்டுவதில்லை. ஆனால் சில லைவ் போட்டோக்களில் படம் வருகிறது, கூடவே வர வேண்டிய எம்ஓவி வீடியோ வரவில்லை. போனிலேயே அந்த வீடியோ இருக்கிறதா என்று அடுத்து பார்க்க வேண்டும்.