பந்தைப் பார்க்காதே

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வாரம், எறியப்பட்ட ஒரு பந்துகூட எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. பெரியவர் பார்க்க விடவில்லை.

அமெரிக்கக் கால்பந்து விளையாடும் தொழில்முறைக் கழகம் ஒன்றின் புள்ளிவிவரப் பிரிவில் நான் கடைநிலை ஊழியன். படித்தது புள்ளியியல். பெரியவர் முப்பது ஆண்டுகளாகக் கல்லூரி கல்லூரியாகப் போய் இளம் ஆட்டக்காரர்களை எடைபோட்டு வந்தவர். ஜன்னல் இல்லாத அறை, சுவரளவு திரை, அவர் கையில் படத்தை முன்னும் பின்னும் ஓட்டும் சிறு கருவி. திரையில் ஏதோ ஒரு கல்லூரி ஆட்டம் ஓடும். குவார்ட்டர்பேக் பந்தை வாங்குவான், பின்னால் மூன்று எட்டு வைப்பான், கையை உயர்த்துவான். அந்த இடத்தில் படம் நின்றுவிடும். "எங்கே எறிய வேண்டும்?" என்பார். எதையாவது சொல்வேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விடுவார். சரி, தவறு எதுவும் சொல்ல மாட்டார்.

மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "பந்து விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் நீ அவனைப் பார்க்க மாட்டாய்" என்றார். "காலைப் பார். கண்ணைப் பார். பந்தைப் பார்க்காதே."

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 11 பேர். பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். ஏறக்குறைய மூன்று நொடிக்குள் ஓடும் நண்பர்களில் யார் தனியாக நிற்கப்போகிறான் என்று கண்டுபிடித்து எறிய வேண்டும். அதற்குள் நூற்றிருபது கிலோ மனிதர்கள் நாலைந்து பேர் அவனைத் தரையில் சாய்க்க ஓடி வருவார்கள். என்எஃப்எல் என்னும் தொழில்முறைப் போட்டியில் 32 அணிகள். இந்த வேலையை நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் எந்த ஆண்டிலும் 32 பேர் இருந்ததில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் டிராஃப்ட் என்ற தேர்வு நடக்கும். கல்லூரியிலிருந்து வருபவர்களைக் கழகங்கள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும். போன ஆண்டு கடைசியில் நின்ற கழகத்துக்கு முதல் உரிமை. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானாபொலிஸ் நகரத்தில் ஒரு வாரம் நடக்கும் பரிசோதனை எனக்கு எப்போதும் பெண் பார்க்கும் படலத்தைத்தான் நினைவூட்டும். உயரம், எடை, 40 கஜ ஓட்டம். உள்ளங்கையை விரித்துக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளப்பார்கள். பிறகு ஓர் ஓட்டல் அறையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து கால் மணி நேரம் கேள்வி கேட்பார்கள். பல ஆண்டுகள் 12 நிமிடத்தில் 50 கேள்வி கொண்ட அறிவுத் தேர்வும் இருந்தது, 2022-இல் கைவிட்டார்கள். பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று என்று எல்லோரும் நிம்மதியாக விமானம் ஏறுவோம். டாம் பிரேடியின் 40 கஜ ஓட்டம் 5.28 நொடி, குவார்ட்டர்பேக்குக்கே மந்தம். 2000-ஆம் ஆண்டு 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியை ஏழு முறை வென்றார். ஜோ பரோவின் கை 9 அங்குலம்தான் என்று 2020-இல் பேச்சு எழுந்தபோது, ஓய்வுபெற யோசித்துக்கொண்டிருப்பதாக அவரே கிண்டல் செய்தார். இரண்டாம் பருவத்திலேயே சின்சினாட்டி அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார்.

அளவெடுப்பதைக் கேலி செய்வது சுலபம். என் துறையான கணக்கும் அதே அளவுக்கு ஏமாற்றும் என்பதை ஒப்புக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

கல்லூரி ஆட்டமும் தொழில்முறை ஆட்டமும் பார்வைக்கு ஒன்றுதான். மைதானத்தின் நடுவில் இரண்டு வரிசைச் சிறு கோடுகள் உண்டு. பந்து ஒவ்வொரு முறையும் அவற்றுக்கு இடையிலிருந்தோ அவற்றின் மேலிருந்தோதான் கிளம்ப வேண்டும். கல்லூரியில் அந்த வரிசைகளின் இடைவெளி 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். ஆகவே கல்லூரியில் பந்து அடிக்கடி ஓர் ஓரத்திலிருந்து கிளம்பும், எதிர்ப்பக்கம் ஒரு பெரிய வெற்றிடம் கிடக்கும், பையன் அங்கே எறிந்து கைத்தட்டல் வாங்குவான். தொழில்முறையில் அந்த வெற்றிடம் கிடையாது. ஓடுவதா எறிவதா என்று எதிரி ஒருவனை மட்டும் பார்த்து முடிவு செய்யும் உத்தி ஒன்று உண்டு. அதற்குக் கல்லூரி விதி, குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்கும் காவல் வீரர்களை 3 கஜம் முன்னேற விடும். என்எஃப்எல் 1 கஜம்தான் விடும். இன்னொன்று, பல கல்லூரிகளில் பையன்கள் பந்து வருமுன் தலையைத் திருப்பி ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரைப் பார்ப்பார்கள். எதிரணியைப் படித்து ஆட்டத்தை மாற்றிச் சொல்வது அவர். என்எஃப்எல்லில் தலைக்கவசத்துக்குள் ஒலிக்கும் பயிற்சியாளரின் குரல், கடிகாரத்தில் 15 நொடி மீதமிருக்கும்போது துண்டிக்கப்பட்டுவிடும். அதன் பிறகு அவன் தனி ஆள்.

நூற்றுக்கு எழுபது பந்து நண்பர்கள் கையில் சேர்ந்தது என்று எவனாவது காகிதத்தை நீட்டினால், அதில் எத்தனை வெற்றிடத்தின் புண்ணியம், எத்தனை பயிற்சியாளரின் புண்ணியம் என்று கழித்துப் பார்ப்பதுதான் என் வேலை. கழித்த பிறகும் நான் நம்பிய எண் ஒன்று உண்டு. எதிரிகள் நெருங்கிவிட்ட தருணங்களில், எத்தனை முறை பந்தைக் கையில் வைத்துக்கொண்டே விழுந்தான்? பழியைக் காவல் வீரர்கள்மேல் போடுவது வழக்கம். ஆனால் பந்தை விடத் தெரியாதவன் கல்லூரியிலும் விழுவான், இங்கேயும் விழுவான்.

ஒரு பையன். பெயரும் ஆண்டும் வேண்டாம். அந்த எண் அவனுக்கு நன்றாக இருந்தது. படத்தில் ஒரு துண்டு இன்னும் எனக்கு மனப்பாடம்: மழை, மூன்றாவது முயற்சி, பந்து கைவிட்டுப் போகாமலிருக்க இன்னும் 8 கஜம் முன்னேற வேண்டும். இடப்பக்கத்துக் காவல் வீரன் வழுக்கிவிட்டான், எதிரி உள்ளே வந்துவிட்டான். பையன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அரை எட்டு முன்னே, கால் எட்டு வலப்பக்கம். பஸ்ஸில் பக்கத்தில் ஆள் உட்கார வந்தால், படிக்கும் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே நகர்ந்து இடம் விடுவோமே, அப்படி. கண் மட்டும் மைதானத்தின் தூரத்திலேயே நின்றது. பெரியவர் அந்தத் துண்டைப் பத்துப் பன்னிரண்டு முறை பின்னால் ஓட்டினார். கடைசியில் "ம்" என்றார். அவரிடமிருந்து "ம்" வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

இரண்டாம் சுற்றில் எடுக்கலாம் என்று எழுதினேன். பெரியவரும் கையெழுத்திட்டார். மூன்றாம் சுற்றில் எங்களுக்கே கிடைத்தான்.

ஓராண்டு உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. மூத்த குவார்ட்டர்பேக்குக்கு முழங்கால் போயிற்று. நான்காவது ஆட்டத்திலேயே பையனை இறக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு தலைமைப் பயிற்சியாளர் மாறினார். மூன்றாண்டுக்குள் தாக்குதல் பயிற்சியாளர் மூன்று பேர். ஒவ்வொருவர் வரும்போதும் பாடம் முதலிலிருந்து. ஒரே ஆட்டத்துக்கு மூன்று பெயர், ஒரே காலடிக்கு மூன்று கணக்கு. காவல் வரிசையில் வாரம் ஒரு புது முகம்.

மூன்றாவது பருவத்தில் ஒருநாள் பயிற்சிப் படத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். பயிற்சியில் குவார்ட்டர்பேக்கை யாரும் தொடக்கூடாது. அதற்காகவே அவனுக்குத் தனி நிறச் சட்டை. கிட்டத்தில் ஆளே இல்லை. அவன் கால்கள் சுடுமணலில் நிற்பவை போலத் துள்ளிக்கொண்டிருந்தன. கண், தூரத்திலிருந்து இறங்கி, வராத எதிரியைத் தேடிக்கொண்டிருந்தது. நான் திரையை அணைத்துவிட்டு வெளியே போய் ஒரு காபி குடித்தேன்.

அவனை விடுவித்த பிறகு ஆய்வுக் கூட்டம் நடந்தது. அறிக்கையில் என் பெயர் இருந்தது. "கணிப்பு தவறிவிட்டது" என்றார் மேலாளர், கோபமில்லாமல். எந்தக் கணிப்பு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வேறு கழகம் போயிருந்தால் ஜொலித்திருப்பான் என்று சொல்வதும் தோற்றவன் சொல்லிக்கொள்ளும் சமாதானம்தானே. வேறு கழகத்தில் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு யாரிடமும் படம் இல்லை.

எல்லாத் தோல்வியையும் இப்படிச் சூழல் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதும் தெரியும். 1998 டிராஃப்டில் முதல் ஆள் பெய்டன் மானிங், இரண்டாம் ஆள் ரையன் லீஃப். யாரை முதலில் எடுப்பது என்று அப்போது உண்மையாகவே விவாதம் நடந்தது. முதல் பருவத்தில் மானிங் 28 பந்துகளை எதிரிகளிடம் கொடுத்தார், அவருடைய அணி 16-இல் 3 ஆட்டம் மட்டுமே வென்றது. கொடுத்த பந்துகளை மட்டும் எண்ணியிருந்தால் அவரையும் கைகழுவியிருப்பார்கள். லீஃப் கன்சாஸ் சிட்டிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் 15 முறை எறிந்து ஒன்றுதான் சேர்ந்தது. நல்ல கழகமாக இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார் என்று நான் வாதாட மாட்டேன்.

ஆனால் அலெக்ஸ் ஸ்மித்தை என்னால் மறக்க முடியவில்லை. 2005-இன் முதல் ஆள். முதல் பருவத்தில், எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தந்த வெற்றிப் பந்து 1, பறிகொடுத்தது 11. சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டுக்கொரு தாக்குதல் பயிற்சியாளர். ஏமாற்றம் என்று எழுதி மூடிவிட்டார்கள். 2011-இல் புதுப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா வந்தார். அதே ஸ்மித், அதே கை, 13 வெற்றி. பிறகு கன்சாஸ் சிட்டி போனார். 2017-இல் அந்தக் கழகம் பத்தாவது ஆளாக எடுத்த பையன், ஒரே ஓர் ஆட்டம் நீங்கலாக, பருவம் முழுக்க ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அவன் பேட்ரிக் மஹோம்ஸ். மறு ஆண்டு 50 வெற்றிப் பந்துகள் எறிந்தான்.

ஜோஷ் ஆலன் விஷயத்தில் என் முகத்திலேயே கரி. வயோமிங் கல்லூரியில் அவர் எறிந்ததில் 56 சதவீதம்தான் சேர்ந்தது. குறி என்பது பிறவியிலேயே வருவது, கற்றுத்தர முடியாது என்பது எங்கள் பிரிவின் வேதம். 2018-இல் வேண்டாம் என்று அழுத்தமாக எழுதியவர்களில் நானும் ஒருவன். பஃபலோவில் முதல் ஆண்டு 52.8 சதவீதம், நான் மார்தட்டிக்கொண்டேன். 2020-இல் 69.2. இடையில் அவருக்குத் தலைமைப் பயிற்சியாளர் மாறவில்லை, தாக்குதல் பயிற்சியாளரும் மாறவில்லை.

முன்னே சொன்ன விதிக்கு வருகிறேன். கடைசியில் நின்ற கழகத்துக்கு முதல் உரிமை. பயிற்சியாளரைத் துரத்தியடித்த, காவல் வரிசை ஓட்டையான, பொறுமை தீர்ந்த வீட்டுக்குத்தான் ஊரிலேயே நல்ல பிள்ளை வாழப் போகிறான். நாம் பிள்ளையின் ஜாதகத்தை மட்டும் நாலு பேர் உட்கார்ந்து பார்க்கிறோம்.

அதன் பிறகு என் அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள் சேர்க்கத் தொடங்கினேன். இவனுக்கு யார் சொல்லித்தருவார்? அவர் எத்தனை ஆண்டு இருப்பார்? இவன் யார் பின்னால் உட்காருவான்? மேலாளர் அந்தப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டுத்தான் மேலே அனுப்பினார். "இது ஆட்டக்காரனைப் பற்றிய அறிக்கை, நம்மைப் பற்றியது இல்லை" என்றார். அலுவலக முறைப்படி அவர் சொன்னது சரி. பெரியவர் மட்டும் கிழித்த தாள்களை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

அவர் ஓய்வுபெற்றுவிட்டார். நானும் இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணக்குப் போடுகிறேன். போன பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது, வேறொரு கழகத்தின் மாற்று ஆளாக அந்தப் பையன் உள்ளே வந்தான். தாடி வைத்திருந்தான். பந்தை வாங்கினான், மூன்று எட்டு பின்னால் வைத்தான், இடப்பக்கம் ஒருவன் உடைத்துக்கொண்டு வந்தான். என் விரல் தானாக ரிமோட்டை அழுத்திவிட்டது. அரை எட்டு முன்னே, கால் எட்டு வலப்பக்கம். கண் தூரத்தில்.

"அப்பா, பந்து எங்கே போனது?" என்று மகள் ரிமோட்டைப் பிடுங்கி ஓடவிட்டாள். பந்து ஓடிவந்தவனின் கையில் பட்டுத் தெறித்துப் புல்லில் விழுந்தது. "போச்சு" என்றாள்.

நான் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டினேன்.