ராத்தங்கல் பள்ளிக்கூடத்தில்

அலாஸ்காவின் மேற்கு ஓரத்தில், யூக்கான், கஸ்கோக்விம் என்ற இரண்டு ஆறுகள் பெரிங் கடலில் கலக்கும் கழிமுகத்தில், யூப்பிக் என்ற பழங்குடி மக்களின் கிராமங்கள் ஐம்பதுக்கும் மேலே இருக்கின்றன. ஊருக்கு ஊர் ரோடு கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிவண்டி, வருஷம் முழுக்கச் சின்ன விமானம். ஆறு நன்றாக உறைந்துவிட்டால் அதன் மேலேயே பனியை ஒதுக்கி வழி போடுவார்கள், சில வாரங்கள் காரே ஓடும். நடுவில் இருக்கும் பெத்தேல்தான் எல்லோருக்கும் டவுன். அந்த டவுனுக்கும் அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து 640 கிலோமீட்டர் பறந்துதான் வரவேண்டும்.

நான் பெத்தேலில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சிறப்புக் கல்வி ஆசிரியராக ஊர் சுற்றுகிறேன். பேச்சு சரியாக வராத பிள்ளைகள், எழுத்துக்கூட்ட முடியாத பிள்ளைகள் என்று ஒரு கிராமத்தில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அதற்கென்று தனியாக ஒரு ஆளை வைக்கக் கட்டுப்படியாகாது. அதனால் நாங்கள் சிலர் ஊர்களைப் பங்குபோட்டுக்கொண்டு போய் வருகிறோம். (பெத்தேல் என்ற பெயரைப் பார்த்ததும் நம்மூர்ச் சபைகள் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. 1885இல் இங்கே வந்து அந்தப் பெயரை வைத்தவர்கள் மொராவிய சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையின் மிஷனரிகள். அதே சபையார் 1760இல் தரங்கம்பாடியிலும் வந்து இறங்கியிருக்கிறார்கள்.)

விமானக் கவுண்டரில் முதல் கேள்வியே உங்கள் எடை என்ன என்பதுதான். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லக்கூடாது, ஏறுவது ஆறேழு பேர் உட்காரும் செஸ்னா விமானம். நமக்குப் பின்னால் குழந்தைகளுக்கான டயப்பர் கட்டு, சோடா பெட்டி, யாரோ ஆர்டர் செய்த டயர் எல்லாம் ஏறும். மேகம் இறங்கிவிட்டால் கிளம்பாது. கிளம்பினாலும் இறங்கும் என்று உறுதியில்லை. ஊரின் ஜல்லி ஓடுபாதையில் இறங்கினால் பள்ளியிலிருந்து யாராவது நாலு சக்கர மோட்டார் வண்டியோடு நிற்பார்கள். எந்தக் கம்பெனி வண்டியானாலும் இங்கே அது ஹோண்டாதான். மரப்பலகை நடைபாதையில் தடதடவென்று அது போகும்போது கையில் இருக்கும் அரிசிப் பையையும் பருப்புப் பையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊரில் ஹோட்டலோ லாட்ஜோ கிடையாது. படுப்பது பள்ளிக்கூடத்தில்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி, ராத்திரி பள்ளிக்கூடத்தில் தங்கியதால் வந்தது. பகலில் வந்து சாயங்காலம் போயிருந்தால் அது எனக்கும் வகுப்பறை, கரும்பலகை, அட்டவணை என்று ஒரு பள்ளிக்கூடமாகவே இருந்திருக்கும்.

நூலகத்தில் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒரு மெத்தை, அதன் மேல் என் தூக்கப்பை. டிசம்பரில் சூரியன் தலைகாட்டப் பதினொரு மணியாகிவிடும். காலைச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் இருட்டிலேயே வந்துவிடுவார்கள். பல் தேய்த்துக்கொண்டு நிற்கும் டீச்சரை வேடிக்கை பார்ப்பது அவர்களுக்குச் சலிக்காத பொழுதுபோக்கு. “உங்களுக்கு வீடு இல்லையா?” என்று ஒரு இரண்டாம் வகுப்புக் குட்டி உண்மையான கவலையோடு கேட்டாள். அடுத்த கேள்விகள்: அம்மா இருக்கிறார்களா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், எப்போது கிளம்புகிறீர்கள். கடைசிக் கேள்வியை இங்கே எல்லா ஆசிரியர்களிடமும் கேட்பார்கள். ஆகஸ்டில் வந்து மே மாதம் போய்விடுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். இப்போது பிலிப்பைன்ஸிலிருந்து நிறைய ஆசிரியர்கள் விசாவில் வருகிறார்கள். நல்ல உழைப்பாளிகள், ஆனால் விசா முடிந்தால் அவர்களும் கிளம்பத்தான் வேண்டும். வருஷக்கணக்காக இருப்பவர்கள் உள்ளூர் உதவியாசிரியைகள். பள்ளி நடப்பது அவர்களால்தான். சம்பளப் பட்டியலில் அது தெரியாது.

பல ஊர்களில் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. தரை நிரந்தரமாக உறைந்து கிடப்பதால் குழாய் புதைப்பது பெரிய செலவு. கழிப்பறை என்பது பிளாஸ்டிக் பை போட்ட ஒரு வாளி. குளிக்கவும் துணி துவைக்கவும் காசு போட்டால் ஓடும் பொதுக்கூடம் ஒன்று இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் வெந்நீர் வரும் குழாய், பெரிய சமையலறை, இன்டர்நெட், இரவு முழுக்கக் கதகதப்பு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இடம் பள்ளிக்கூடம். எனவே மாலை ஆறு மணிக்கு மேல் அது ஊருக்குச் சொந்தம். ஜிம்மில் கூடைப்பந்து. பையன்கள், அப்புறம் பெண்கள், அப்புறம் அப்பாமார்கள் என்று பத்து மணி வரை தரை அதிரும். யாராவது தவறிவிட்டால் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் இங்கேயே. அந்த ராத்திரிகளில் நூலகத்தில் எனக்குத் துணை கிடைக்கும்.

ஒருநாள் ஜிம்மின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், ஓடிவந்த எட்டு வயதுப் பெண்ணை “அம்மா” என்று கூப்பிட்டு மிட்டாய் வாங்கக் காசு கொடுத்தார். அவருடைய தாயார் இறந்த பிறகு பிறந்த குழந்தை, அந்தத் தாயாரின் பெயரை வாங்கியவள். பெயரோடு உறவும் வந்துவிடுகிறது. எனக்கு அவள் எழுத்துக்கூட்டத் தடுமாறும் மூன்றாம் வகுப்பு மாணவி. ஊரில் பாதிப் பேருக்கு அவள் மூத்தவள். அவளைப் பற்றிய கோப்பில் இதை எழுத ஒரு கட்டமும் இல்லை.

கோப்பு என்றதும் சோதனைத் தாள்கள் நினைவுக்கு வருகின்றன. படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் சோதனை ஒன்று உண்டு. புல்வெட்டும் இயந்திரம், போக்குவரத்து விளக்கு, நகரும் படிக்கட்டு. ரோடே இல்லாத ஊரில், மரமே முளைக்காத சமவெளியில் வளரும் பையனிடம் இவற்றைக் கேட்டு, தெரியவில்லை என்றால் சொல்வளம் குறைவு என்று எழுத வேண்டும். இந்தச் சோதனையை எழுதியவர் இந்தப் பக்கம் ஒருமுறைகூட எட்டிப் பார்த்திருக்க மாட்டார். பையன் படங்களைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான். பக்கத்தில் இருந்த உதவியாசிரியை, “நேத்து எங்கே போனான்னு கேளுங்க” என்றார். கேட்டேன். நீண்ட மௌனம். இங்கே மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பக்கூடாது, பதில் வந்துகொண்டிருக்கும். பிறகு மெதுவாகச் சொன்னான். தாத்தாவோடு ஏரிக்குப் போனது, இரும்பு முனைக் கோலால் முன்னே குத்திக் குத்திப் பார்த்து நடந்தது, சத்தம் மாறினால் நின்றுவிடுவது, பனிக்கட்டியை உடைத்துக் கூண்டை மேலே தூக்கியபோது உள்ளே கருமீன்கள் நெளிந்தது. கூண்டின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மேஜை மேல் கையால் காட்டினான். “தாத்தா சொல்லிக்கொடுத்தாரா?” என்றேன். புருவத்தை உயர்த்தினான். இங்கே அது “ஆமாம்”. சொல்வளக் கட்டத்தில் சோதனை கேட்ட எண்ணை எழுதினேன், ஓரத்தில் இதையும் எழுதினேன். ஓரத்தில் எழுதியதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

இந்தக் கட்டடத்தின் மேல் ஊருக்கு இருக்கும் பாசம் கலப்படமில்லாதது என்று சொல்லமாட்டேன். 1970கள் வரை பெரும்பாலான கிராமங்களில் உயர்நிலைப் பள்ளி கிடையாது. பதின்மூன்று பதினான்கு வயதில் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றி அலாஸ்காவின் தென்கிழக்கில் உள்ள சிட்கா, ராங்கல் விடுதிப் பள்ளிகளுக்கும் வேறு மாநிலமான ஓரிகனில் உள்ள செமாவாவுக்கும் அனுப்பினார்கள். தாய்மொழி பேசினால் அடி விழுந்த வகுப்பறைகள் உண்டு. எம்மோனாக் கிராமத்தைச் சேர்ந்த மாலி ஹூட்ச் என்ற யூப்பிக் மாணவியின் பெயரில் 1972இல் வழக்குப் போட்டார்கள். 1976இல் அரசு சமரசத்துக்கு வந்து, 126 கிராமங்களில் உயர்நிலைப் பள்ளி நடத்த ஒப்புக்கொண்டது. நான் படுத்துத் தூங்கும் கூரைகள் பல அந்த வழக்கின் கூரைகள்.

வெள்ளிக்கிழமைகளில் தையல் சொல்லித்தர வரும் பாட்டி ஒருவர், தொப்பி வைத்த பூப்போட்ட மேல்சட்டையை ஒரே மதியத்தில் வெட்டித் தைத்துவிடுவார். பிள்ளைகளிடம் யூப்பிக்கில் மட்டும்தான் பேசுவார். ஆனால் தலைமையாசிரியர் அறைக்குள் மட்டும் போகமாட்டார். கையெழுத்துப் போட வேண்டிய தாளை வராந்தாவுக்குக் கொண்டுவரச் சொல்வார். கொண்டுபோய்க் கொடுப்போம். யாரும் காரணம் கேட்டதில்லை.

செப்டம்பரில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டை, வசந்தத்தில் கடல்நாயும் வாத்தும். வருகைப் பதிவேட்டில் அந்த வாரங்கள் ஓட்டை ஓட்டையாக இருக்கும். நகரத்திலிருந்து வரும் அதிகாரிகள் அதைக் காட்டிப் பெருமூச்சு விடுவார்கள். கடையில் வரும் இறைச்சியின் விலையைப் பார்த்தவர்கள் பெருமூச்சு விடமாட்டார்கள். அதற்காகப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வராவிட்டால் பரவாயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நான் வேலை பார்ப்பதே அதற்குத்தான். மூஸ் முகாமிலிருந்து வந்தவன் வாசிப்பைப் பிடித்துக்கொள்கிறான். வருஷத்துக்கு ஒரு புது டீச்சரிடம் ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறவன்தான் தேங்குகிறான்.

2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் மிச்சம் இந்தக் கடற்கரையில் ஏறியது. கிப்னுக், க்விகிலிங்கோக் கிராமங்களில் வீடுகள் ஆட்களோடு மிதந்துபோயின. தப்பித்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குத்தான் ஓடினார்கள். பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விமானங்களில் ஏற்றிப் பெத்தேலுக்கும் ஆங்கரேஜுக்கும் கொண்டுபோனார்கள். கிப்னுக்கும் க்விகிலிங்கோக்கும் நான் போகும் ஊர்களில்லை. ஆனால் அடுத்த முறை நான் போன ஊரில் ஊழியர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதலில் இருந்தது வாசிப்பு மதிப்பெண். அது ஆரம்பிப்பதற்குள் பாய்லர் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பின்வரிசையிலிருந்து எழுந்து, ஊர் மொத்தமும் உள்ளே வந்தால் டீசல் எத்தனை நாளைக்கு வரும், மெத்தை எத்தனை இருக்கிறது, கழிவுத்தொட்டி தாங்குமா என்று கேட்டார். மெத்தைகளை எண்ணப் போனோம், நூலகத்தில் இருப்பதையும் சேர்த்து. மதிப்பெண் பேச்சு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.