கழிவுக்குப் போன போலீஸ் ஜீப்பை ஏலத்துல எடுத்த கதை

காரைக்குடிக்காரனுக்குப் பழசு வாங்குறது ஒண்ணும் புதுசில்ல, முனீஸ்வரன் கோவில் தெருவுல போயி நின்னா தேக்குக் கதவுலேர்ந்து எனாமல் தூக்குச்சட்டி வரைக்கும் யாரு வீட்டுதோ ஒண்ணு நம்ம வீட்டுக்கு வந்துரும். ஆனா போலீஸ் ஜீப்பு வரும்னு நான் நெனைக்கவே இல்ல. எனக்கு சமையல் கான்ட்ராக்ட் தொழில், முகூர்த்த மாசத்துல அண்டாவும் அடுப்பும் ஏத்திக்கிட்டு கல்லல், தேவகோட்டைன்னு அலையணும், லோடு ஆட்டோ வாடகையிலயே பாதி லாபம் போயிரும்.

மாமா போலீஸ் ஆயுதப்படையில டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவுக. பேப்பர்ல 'கழிவு செய்யப்பட்ட காவல் வாகனங்கள் பொது ஏலம்'னு வந்ததைப் பாத்துட்டு அவுகதான் போன் போட்டாக. "மாப்ள, மதுவிலக்குல பிடிச்ச வண்டி ஏலம் வேற, கழிவு வண்டி ஏலம் வேற, போட்டுக் கொழப்பிக்காத. பிடிச்ச வண்டி ஸ்டேஷன் வாசல்ல வெயில்ல கெடந்து மக்குனது. கழிவு வண்டிங்கறது போலீசே ஓட்டி ஓஞ்சு போச்சுன்னு ஒதுக்குனது, அதுக்கு லாக் புக்கு இருக்கும், எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு, என்ன மாத்துனாகன்னு எல்லாம் அதுல இருக்கும்"னாக.

இப்பத்தான் காரைக்குடி மாநகராட்சி ஆயிருச்சே, கழிச்ச வண்டிக்குப் பதிலா அவுகளே போலீசுக்குப் புது வண்டி வாங்கிக் குடுத்துருவாகளோன்னு கேட்டேன், மாமா சிரிச்சுட்டாக. அமெரிக்காவுல இருக்க எங்க பெரியம்மா மகன் சொல்லுவான், அங்க பல ஊர்ல போலீசு நகராட்சிக்குக் கீழதானாம், ஒவ்வொரு வண்டிக்கும் வருசா வருசம் சீட்டுக் கட்டுற மாதிரி ஒரு தொகையை ஒதுக்கி வச்சுக்கிட்டே வருவாகளாம், வண்டி ஓஞ்சு போறப்ப புதுசுக்குக் காசு ரெடியா இருக்குமாம். இங்க போலீசு மாநில அரசு கையில, சட்டசபையில பணம் ஒதுக்கச் சொல்லி மானியக் கோரிக்கை எண் 22னு ஒண்ணு வைப்பாகள்ல, அதுதான் காவல்துறைக்கு. ஸ்டேஷன்லேர்ந்து எழுதிப் போட்டது எஸ்பி ஆபீசு, டிஜிபி ஆபீசு, உள்துறைன்னு ஏறி பணம் ஒதுக்கி மொத்தமா வாங்கி மாவட்டத்துக்குப் பிரிச்சு வரணும், இதுபோக போலீசை நவீனப்படுத்துறதுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40ன்னு ஒரு திட்டமும் இருக்கு. பழசைக் கழிக்கிறது ஒரு ஃபைலு, புதுசு வாங்குறது வேற ஃபைலு, ரெண்டும் ஒரே நாள்ல முடியணும்னு எந்தக் கட்டாயமும் இல்லன்னாக மாமா.

ஏலத்துக்கு மொத நாளே சிவகங்கை போயி வண்டிகளைப் பாத்தோம். மாமா மொதல்ல பாத்தது இஞ்சினை இல்ல, வருசத்தை. 2023 ஏப்ரல் 1லேர்ந்து 15 வருசம் தாண்டுன அரசாங்க வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க முடியாது, அதெல்லாம் ஸ்க்ராப்புக்குத்தான், அதனால வருசம் பாக்காம கை தூக்கிறாதன்னாக. நாங்க பாத்து வச்ச ஜீப்பு 2013 மாடல். முன்பணம் கட்டி ஆதார் ஜெராக்ஸ் குடுத்து டோக்கன் வாங்கியாச்சு. மறுநாள் பழைய இரும்புக்காரங்க ஒரு பத்துப்பேரு கூட்டமா நின்னு கண்ணாலயே பேசிக்கிட்டாக, நான் கை தூக்குனதும் ஒருத்தரு திரும்பி மேலயும் கீழயும் பாத்தாரு பாருங்க... கடைசியில 1,21,000க்கு எனக்கு விழுந்துச்சு. சந்தோசத்துல 18% ஜிஎஸ்டியை மறந்தே போனேன், அது 21,780. அன்னைக்கே முழுசும் கட்டணும்னதும் மச்சினனுக்குப் போன் போட்டு ஜிபே வாங்கித்தான் கட்டுனேன்.

அதுக்கப்பறம்தான் ஆட்டமே. அரசாங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்ல, அதனால இதுக்கு இன்சூரன்ஸே கிடையாது, ஏலத்துல எடுத்தோம் ஓட்டிட்டு வந்தோம்னு நெனைக்காதீக, நான் டோயிங் வச்சுத்தான் கொண்டாந்தேன். பேட்டரி வேற செத்துக் கெடந்துச்சு. பேர் மாத்த ஏல வண்டிக்குன்னு தனியா படிவம் 32 இருக்கு, வண்டி கைக்கு வந்து 30 நாளைக்குள்ள ஆர்டிஓ ஆபீசுல குடுக்கணும். அரசாங்க வண்டின்னு நம்பர்ல இருந்த 'ஜி' போயி வேற நம்பர் வரணும், அதுவரைக்கும் டேக்ஸ் கட்டாத வண்டிங்கறதால லைஃப் டேக்ஸும் நம்ம தலையில. இதெல்லாம் கூடப் பரவால்ல, ஏலத்துல குடுத்த விற்பனைக் கடிதத்துல சேஸ் நம்பர்ல, அதான் வண்டிச் சட்டத்துல பொறிச்சிருக்க நம்பர்ல, ஒரு 6ஐ 8ன்னு அடிச்சிருந்தாக. வண்டியில பென்சில் வச்சுத் தேய்ச்ச பேப்பரைக் காட்டுறேன், ஆர்டிஓ ஆபீசுல இருக்கவரு கடிதத்தைத் திருத்திட்டு வாங்கறாரு, ஏலம் விட்ட ஆபீசுல இருக்கவரு கையெழுத்துப் போட்டவரு லீவுங்கறாரு, அந்த ஒத்த நம்பருக்கு மூணு தடவை பஸ் ஏறுனேன். தயவுசெஞ்சு கடிதம் கைக்கு வந்ததும் அங்கயே நின்னு ஒவ்வொரு எழுத்தா வண்டியோட ஒத்துப் பாருங்க.

மேல இருந்த லைட்டையும் சைரனையும் கழட்டிட்டுத்தான் குடுத்தாக, அது இருந்த ஓட்டை மட்டும் எனக்கு. மொத மழையில அரிசி மூட்டை நனைஞ்சப்பறம்தான் அதைக் கவனிச்சு எம்சீல் போட்டேன். பெயின்ட், டயரு, கிளட்சு எல்லாம் சேத்து இன்னொரு 60,000 ஆச்சு, ஆனா பின்னாடி எதிரெதிர் சீட்டைக் கழட்டுனா ரெண்டு பெரிய அண்டா அளவெடுத்த மாதிரி உக்காருது, அதுக்கே குடுக்கலாம்.

போன மாசம் ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு, அதான் அறுபதாம் கல்யாணத்துக்கு, போயிருந்தப்ப பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்கார அண்ணன் ஒருத்தரு வண்டியையே சுத்திச் சுத்தி வந்தாரு. கதவோரத்துல இருந்த ஒரு நசுங்கலைத் தடவிப் பாத்துட்டு, "இது நான் ஓட்டுன வண்டி தம்பி, செகண்ட் கியரு இன்னும் தட்டித்தான் போடணுமா?"ன்னாரு. ஆமாண்ணேன்னேன். அவுக ஸ்டேஷனுக்குப் புது வண்டி வந்துருச்சான்னு கேட்டதுக்கு, வாசல்ல நின்ன ஒரு பல்சரைக் காட்டுனாரு.