வண்டி எவ்வளவு ஓடும் என்பதை விடுங்கள், வெயிலைத் தாங்குமா என்று கேளுங்கள்

காரைக்குடியில் யார் எலெக்ட்ரிக் வண்டி வாங்கினாலும் முதலில் வரும் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" அடுத்தது, "சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் நம்மூர்க்காரர்களுக்கு இந்த இரண்டையும்விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது, அதை ஷோரூமில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பேட்டரிக்குள் இருக்கிற செல் என்ன ரகம், நம்ம வெயிலை அது எத்தனை வருஷம் தாங்கும்?

தூரக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு சாதாரண எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 35 வாட்-மணி வரை எடுக்கும். 3 கிலோவாட்-மணி பேட்டரி இருந்தால் நிஜ ரோட்டில் 90, 100 கிலோமீட்டர் வரும். தேவகோட்டைக்குப் போய்த் திரும்பினாலும், கானாடுகாத்தான் கல்யாணத்துக்குப் போய் வந்தாலும், பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு போட்டு வந்தாலும் பாதிக்கு மேல் தீராது. நமக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. ராத்திரி பிளக்கில் போட்டால் காலையில் ஏறியிருக்கும், மூன்று மூன்றரை யூனிட் கரண்ட், அவ்வளவுதான் செலவு.

வெயில்தான் பிரச்சினை. கத்திரியில் நம்ம பக்கம் 40 டிகிரியை ஒட்டிப் போகும். மத்தியானம் தார் ரோட்டின் மேல் நிற்கிற வண்டியின் சீட்டுக்கு அடியில் அதைவிட அதிகமாகவே இருக்கும். லித்தியம் அயனி செல்லுக்குப் பிடித்த வெப்பம் 20, 25 டிகிரி. அதற்கு மேல் போகப்போக அது ஓடாமல் சும்மா நின்றாலும் மூப்படையும். இதைத்தான் நிறையப் பேர் புரிந்துகொள்வதில்லை. வண்டியை எடுக்கவே இல்லை, அப்படியே வைத்திருந்தேன், பேட்டரி எப்படிப் போகும் என்று கேட்பார்கள். போகும்.

காரணம் எளிதுதான். செல்லுக்குள் ஒரு பக்கம் கிராஃபைட், எதிர்ப்பக்கம் ஒரு உலோகச் சேர்மம், நடுவில் திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நீந்திப் போய் கிராஃபைட்டுக்குள் உட்காரும், ஓடும்போது திரும்பி வரும். கிராஃபைட்டின் மேல், காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி, ஒரு மெல்லிய படலம் உருவாகும். அந்தப் படலம் அவசியம், அதுதான் கிராஃபைட்டைக் காப்பாற்றுகிறது. ஆனால் சூடு ஏற ஏற அது தடித்துக்கொண்டே போகும், தடிக்கும்போது செல்லுக்குள் இருக்கிற லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், தின்றது திரும்பி வராது. முழுச் சார்ஜில் இருக்கிற செல்லில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் பேட்டரிக்கு நாம் செய்யக்கூடிய பெரிய கெடுதல் நூறு சதவீதம் ஏற்றிவிட்டு வண்டியைப் பகல் முழுக்க வெயிலில் நிறுத்துவதுதான், கல்லூரி வாசலில், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தினமும் நடக்கிற காரியம் இது.

இப்போது ரகத்துக்கு வருகிறேன். இன்று சந்தையில் பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த என்.எம்.சி. இன்னொன்று இரும்பு பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி. என்.எம்.சி எடை குறைவு, சின்ன இடத்தில் நிறையச் சக்தி. எல்.எஃப்.பி அதே சக்திக்குக் கொஞ்சம் கனம், இடமும் கூட வேண்டும், ஆனால் ஆயுசு அதிகம், 2,000, 3,000 முறை ஏற்றி இறக்கினாலும் தாங்கும். தீ விஷயத்திலும் அது சாது. என்.எம்.சி 200 டிகிரியைத் தாண்டும்போது சூடு தானாகவே ஏறிக்கொண்டே போய்க் கட்டுமீறும், அப்போது அதன் உள்ளிருந்தே ஆக்சிஜன் வெளிவரும், அதனால்தான் தண்ணீர் ஊற்றினாலும் அந்தத் தீ லேசில் அடங்காது. எல்.எஃப்.பி-யில் பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, 270 டிகிரிவாக்கில்தான் அது அசைந்து கொடுக்கும், அப்போதும் வேகம் குறைவு.

இந்த எல்.எஃப்.பி வந்த கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, 1997 இல் கட்டுரையாக வெளிவந்தது. அந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பெயர்கள் ஏ.கே. பாதி, கே.எஸ். நஞ்சுண்டசாமி, இரண்டும் நம் நாட்டுப் பெயர்கள். குட்இனஃபுக்கு 2019 இல், தன் 97 வயதில், விட்டிங்காம், யோஷினோ ஆகியோரோடு சேர்த்து வேதியியல் நோபல் கிடைத்தது. பல வருஷம் பலரும் "கனம், மந்தம்" என்று ஒதுக்கி வைத்திருந்த பொருள் இன்று உலகத்து மின்சாரக் கார்களில் பெரும் பங்கில் ஓடுகிறது. விலை இறங்கியதற்கும் அது ஒரு காரணம். 2010 இல் ஒரு கிலோவாட்-மணி பேட்டரி பேக் 1,100 டாலருக்கு மேல், 2024 இல் சராசரி 115 டாலர்.

சரி, ஷோரூமில் இதைக் கேட்டால் என்ன பதில் வரும்? அத்தை மகனுக்கு வண்டி பார்க்கப் போனோம். "தம்பி, இது என்.எம்.சி-யா எல்.எஃப்.பி-யா?" என்று கேட்டேன். அந்தப் பையன் பிரசுரத்தைப் புரட்டிவிட்டு, "லித்தியம்தான் சார், ஒரிஜினல்" என்றான். அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் வண்டி விலையில் பெரும்பங்கை விழுங்குகிற ஒரு பாகத்தைப் பற்றி விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது என்றால் அது எனக்கு மனசு பொறுக்கவில்லை. அரிசி வாங்கும்போது பொன்னியா ஐ.ஆர். 20-ஆ என்று கேட்காமல் நம் வீட்டில் யாராவது பையை நீட்டுவார்களா?

கழனிவாசல் பக்கம் பேட்டரி பேக் பிரித்துச் சரிபார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் கடையில் ஒரு பழைய பேக்கைத் திறந்து வைத்துக்கொண்டு காட்டினார். விரல் தடிமனில் நூற்றுக்கணக்கான உருளைச் செல்கள், மேலே நிக்கல் பட்டையால் வரிசை வரிசையாகப் புள்ளி வெல்டிங், ஓரத்தில் ஒரு பச்சை போர்டு, அதுதான் பி.எம்.எஸ், பேட்டரியின் சார்ஜையும் சூட்டையும் கண்காணிக்கிற எலெக்ட்ரானிக் மூளை. அந்தப் போர்டிலிருந்து வெப்பம் பார்க்கும் மெல்லிய ஒயர் இரண்டே இரண்டுதான் செல்களுக்குள் போனது. "அண்ணே, இவ்வளவு செல்லுக்கு ரெண்டு இடத்துலதான் சூடு பாக்குறான், நடுவுல உள்ளது வெந்தாலும் இதுக்குத் தெரியாது" என்றார். நடு வரிசைச் செல்களின் உறை ஓரத்துச் செல்களைவிட நிறம் மங்கிச் சுருங்கியிருந்தது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் கார்களில் இருப்பதுபோல திரவம் ஓடிக் குளிரவைக்கும் ஏற்பாடு கிடையாது, காற்றுதான் கதி. அதனால் ஓட்டி வந்த சூட்டோடு பிளக்கைச் சொருகாதீர்கள். அரைமணி, முக்கால்மணி ஆறவிட்டு அப்புறம் போடுங்கள்.

2022 கோடையில் ஸ்கூட்டர்கள் வரிசையாகத் தீப்பிடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகுதான் அரசு ஏ.ஐ.எஸ் 156 என்ற பாதுகாப்பு விதியை இறுக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. ஒரு செல் கட்டுமீறினால் அது பக்கத்துச் செல்களுக்கு எப்படிப் பரவுகிறது என்பதைச் சோதிப்பதும் அதில் சேர்ந்தது. ஆகவே பழைய வண்டி கைமாற்றி வாங்குகிறவர்கள் தயாரித்த மாதத்தைக் கட்டாயம் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தியது என்றால் நான் வாங்கமாட்டேன், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

எல்.எஃப்.பி-க்கும் ஒரு குணக்கேடு உண்டு, சொல்லாமல் விட்டால் தப்பு. சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று பி.எம்.எஸ் கணக்குப் போடுவதற்கு வோல்ட்டைப் பார்ப்பது ஒரு வழி. என்.எம்.சி-யில் சார்ஜ் இறங்க இறங்க வோல்ட்டும் சீராக இறங்கும், கணக்கு சுலபம். எல்.எஃப்.பி-யில் சார்ஜ் தொண்ணூறு சதவீதத்திலிருந்து இருபது வரை இறங்கினாலும் வோல்ட் கிட்டத்தட்ட 3.2, 3.3 என்று ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால் உள்ளே போன கரண்ட், வெளியே வந்த கரண்ட் என்று கூட்டிக் கழித்துத்தான் அது கணக்கு வைக்கிறது, அந்தக் கணக்கு நாளாக ஆகப் பிசகும். தெரிந்தவர் ஒருவர் குன்றக்குடியிலிருந்து திரும்பும்போது திரையில் பதினெட்டு சதவீதம் காட்டிக்கொண்டே வண்டி நின்றுவிட்டது. பேட்டரி போச்சு என்று பதறினார், பேட்டரிக்கு ஒன்றும் இல்லை. அவர் எப்போதும் எண்பதோடு நிறுத்திவிடுவார், யூட்யூபில் யாரோ சொன்னார்களாம். அந்த அறிவுரை என்.எம்.சி-க்குச் சரி. எல்.எஃப்.பி-யை வாரம் ஒரு முறையாவது நூறு வரை ஏற்றவேண்டும், அப்போதுதான் கணக்கு நேராகும். டெஸ்லாகூடத் தன் எல்.எஃப்.பி கார்களுக்கு இதையேதான் சொல்கிறது. ஏற்றியபின் வெயிலில் போட்டு வைக்காமல் ஓட்டிவிடுங்கள். ரகம் தெரியாமல் வண்டி வைத்திருந்தால் இப்படித்தான், நல்ல அறிவுரையும் கெடுதலாக முடியும்.

ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். செட்டிநாட்டு வீட்டின் முகப்பும் வளவும் பேட்டரிக்கென்றே கட்டியதுபோல் இருக்கும், தடித்த சுவர், உயர்ந்த கூரை, ஆத்தங்குடிக் கல்லில் கால் வைத்தால் மே மாதத்திலும் ஜில்லென்று இருக்கும். நிறுத்துவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் சார்ஜ் போடுவதற்கு முன் ஒயரிங்கைப் பாருங்கள். ஐயா காலத்து ஒயர், 5 ஆம்ப் பிளக், எர்த் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது, இதில் மணிக்கணக்காகச் சார்ஜர் ஓடினால் பிளக்கின் ஓட்டை ஓரம் பழுப்பேறி உருகும். சார்ஜ் முடிந்ததும் பிளக் டாப்பைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் அன்றோடு நிறுத்திவிட்டு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். 15 ஆம்ப் பிளக், கரண்ட் மிஞ்சினால் தானாக அணைகிற தனி எம்.சி.பி சுவிட்ச், சரியான எர்த், இதற்கு ஆகிற செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள். ஆட்கள் தூங்குகிற இடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் வண்டியைப் போட்டு ராத்திரி சார்ஜ் போடவும் வேண்டாம்.

ஐந்து நிமிஷச் சார்ஜ் பற்றிக் கேட்கிறார்கள். 2025 மார்ச்சில் சீனாவின் பி.ஒய்.டி கார் நிறுவனம் ஐந்து நிமிஷத்தில் 400 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சார்ஜ் ஏற்றிக் காட்டியது, 1,000 கிலோவாட்டில். அபாரமான வேலைதான். ஆனால் ஒரு காருக்கு மட்டும் ஒரு மெகாவாட் என்றால் நம்ம தெரு டிரான்ஸ்பார்மர் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆசையாக இருப்பது சோடியம். லித்தியத்துக்குப் பதில் சோடியம் அயனி ஓடுகிற செல். சீன பேட்டரி நிறுவனமான சி.ஏ.டி.எல் 2021 இல் அறிவித்தது, 2025 இல் கிலோவுக்கு 175 வாட்-மணி வரை கொண்டுவந்துவிட்டது, எல்.எஃப்.பி-க்குப் பக்கத்தில். 70 டிகிரி வரை தாங்கும் என்கிறது அந்த நிறுவனம், அது நம்ம கத்திரிக்குத் தாராளம். கோபால்ட் வேண்டாம், லித்தியம் வேண்டாம், கரண்டை வெளியே கொண்டுவரும் தாமிரத் தகடுகூட வேண்டாம், இரண்டு பக்கமும் அலுமினியம் போதும். பெங்களூரு ஜவகர்லால் நேரு ஆய்வு மையத்தில் ஆறு நிமிஷத்தில் எண்பது சதவீதம் ஏறுகிற சோடியம் செல்லை 2025 இல் அறிவித்தார்கள். லித்தியத்துக்கு ஆஸ்திரேலியாவையும் சிலியையும் சீனாவையும் பார்க்கிற நமக்கு, தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு மலையாகக் குவிந்து கிடக்கிறது. உப்பிலிருந்து நேராக பேட்டரி வந்துவிடாது, நடுவில் நிறைய வேதியியல் இருக்கிறது. அந்த வேதியியல் தெரிந்தவர்கள் நம்மூரிலேயே இருக்கிறார்கள்.

சிக்ரியைத்தான் சொல்கிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து இங்கே கொண்டுவந்தது. 1948 ஜூலை 25 இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14, பொங்கலன்று, ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம், காலேஜ் ரோட்டில். லித்தியம் அயனி செல் செய்யும் சொந்தத் தொழில்நுட்பத்தை 2018 இல் ஒரு இந்திய நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்ததும் இந்த சிக்ரிதான். அந்தக் காம்பவுண்டைத் தாண்டி தினமும் ஸ்கூட்டரில் போகிற நமக்குச் சீட்டுக்கு அடியில் என்ன செல் இருக்கிறதென்று தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். செப்டம்பர் 26, சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவன நாள், அதை ஒட்டி ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெயிலைப் பற்றியும் சோடியத்தைப் பற்றியும் அங்கே கேளுங்கள்.

அதுவரை, புது வண்டி பார்க்கிறவர்கள் செல் ரகத்தை எழுத்தில் வாங்குங்கள். வாரண்டி எத்தனை வருஷம் என்பதோடு, பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதையும் கேளுங்கள். 70 என்று எழுதிக் கொடுத்தால் நல்லது, "பழுதானால் மட்டும்" என்று மழுப்பினால் அடுத்த கடையைப் பாருங்கள். ஏற்கெனவே வண்டி வைத்திருக்கிறவர்கள் மாடலைப் பின்னூட்டத்தில் போட்டால் ரகம் என்னவென்று எனக்குத் தெரிந்தவரை பார்த்துச் சொல்கிறேன்.