ஒரு முழம் இடம்

கராத்தேயின் நேர் குத்து ஒன்றை நிதானமாக விட்டுப் பாருங்கள். இடுப்பில் கிளம்பும் முஷ்டி, கை ஏறக்குறைய முக்கால்வாசி நீண்ட இடத்தில்தான் உச்ச வேகத்தைத் தொடுகிறது. அதைத் தாண்டியதும் முழங்கை மூட்டு தெறித்துவிடாமல் இருக்கத் தசைகளே பிரேக் போட ஆரம்பித்துவிடும். அதனால்தான் பழைய ஆசிரியர்கள் "தோலோடு நிற்கிற மாதிரி குத்தாதே, முதுகுவரை போகிற மாதிரி குத்து" என்பார்கள். முஷ்டி ஆளைத் தொடும்போது இன்னும் 15, 20 செ.மீ. நீள்வதற்குக் கையில் பாக்கி இருக்க வேண்டும்.

இதையே திருப்பிப் பார்த்தால், அந்த வேகம் வருவதற்குக் குறைந்தது ஒரு முழம் வெற்றிடம் வேண்டும். எதிராளி நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிவிட்டால் அந்த முழம் போய்விடும். பத்து வருஷம் பழகிய குத்தானாலும் அங்கே தள்ளலாகத்தான் வரும்.

கராத்தே குத்து பெரிதா, கட்டிப் பிடிக்கிறவன் பிடி பெரிதா என்று ரங்கூன் டீக்கடைகளில் நடக்கிற வாதத்தில் இந்த ஒரு முழத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2017 ஜூன் 30-ல் அதே ரங்கூனின் டிங்கன்சூன் பகுதித் துவுன்னா உள்ளரங்கில் மிச்சீனா ஊர்க்காரர் ஆங் லா என் சாங், அடியும் பிடியும் கலந்த "ஒன் சாம்பியன்ஷிப்" போட்டியின் மிடில்வெயிட் பட்டத்தை வாங்கினார். அடியும் தெரிந்தவர், ஜியு-ஜிட்சு என்ற பிடிக்கலையும் தெரிந்தவர். ஆகவே இரண்டு கட்சிக்காரரும் அவரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் குத்தின் கணக்கு. 65 கிலோ ஆளின் ஒரு கை சுமார் மூன்று கிலோ. அது விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 73 ஜூல் சொச்சம். அதே வேகத்தில் தோளும் விலாவும் சேர்ந்து இன்னும் இரண்டு கிலோ எடையைக் கைக்குப் பின்னால் கொண்டுவந்தால் 122 ஜூல். கராத்தேயில் கிமே என்று சொல்லிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த இரண்டு கிலோவைத்தான். தொடுகிற நொடியில் மணிக்கட்டு, முழங்கை, தோள், விலா, இடுப்பு எல்லாம் ஒரே கட்டையாக இறுகி, அடுத்த நொடியே தளர வேண்டும். கிளம்பும்போதே இறுக்கினால் வேகம் போச்சு. தொட்ட பிறகு இறுக்கினால் எடை போச்சு.

வரிசை இது: பின்கால் தரையைத் தள்ளும், இடுப்பு திரும்பும், தோள் அதைத் தொடரும், முழங்கை விலாவை உரசிக்கொண்டு போகும், முஷ்டி கடைசியில் சுழலும். இடுப்புக்கு முன்னால் தோள் கிளம்புவதுதான் அதிகம் காணும் பிழை. தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் இந்தப் பிழை நடந்திருக்கிறது என்று அர்த்தம். பின்குதிகாலைத் தூக்கினால் பாவம் என்று சில டோஜோக்களில், அதாவது பயிற்சிக்கூடங்களில், சொல்வார்கள். குத்துச்சண்டைக்காரன் குதிகாலைத் தூக்கித்தான் அடிக்கிறான், அவன் அடி ஒன்றும் லேசானதில்லை. பார்க்க வேண்டியது பின்காலின் முழங்கால். தொடும் நேரத்தில் அது தொய்ந்து மடங்கினால் அடியின் பாதி உங்கள் கால் வழியாகவே வெளியேறிவிடும்.

முஷ்டியில் ஆட்காட்டி, நடுவிரல் இரண்டின் கணுக்களும் மட்டுமே படவேண்டும். அவற்றின் பின்னுள்ள எலும்புகள் மணிக்கட்டோடு நேராக நிற்கின்றன. சுண்டுவிரல் பக்கம் பட்டால் அந்த விரலின் உள்ளங்கை எலும்பு கணுவுக்குச் சற்றுக் கீழே உடையும். இந்த முறிவுக்கு மருத்துவர்கள் குத்துச்சண்டைக்காரன் முறிவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மணிக்கட்டு நேராக நிற்கிறதா என்று மகிவாரா, அதாவது குத்திப் பழக மண்ணில் நடும் பலகை, பொய் சொல்லாமல் காட்டிவிடும். பலகை 10 செ.மீ. அகலம், அடியில் 8, 9 செ.மீ. தடிமன், உச்சிக்கு வரும்போது ஒன்றரை செ.மீ. இந்தச் சரிவுதான் அதற்கு வில் தன்மையைக் கொடுக்கிறது. ஒரே தடிமன் பலகையை நட்டால் அது மகிவாரா ஆகாது, வெறும் கம்பம். முக்கால் மீட்டர் மண்ணுக்குள் போகவேண்டும், உச்சி நெஞ்சு மட்டத்தில் நிற்கவேண்டும். நம் ஊரில் இரண்டு தொல்லை. மே முதல் அக்டோபர் வரை மழையில் மண் இளகிக் கம்பம் ஆட ஆரம்பிக்கும், சுற்றிலும் செங்கல் சில்லு போட்டு இடித்து இறுக்கவேண்டும். மழை விட்டதும் கரையான் வரும், ஆகவே மண்ணுக்குள் போகும் பகுதிக்கு நடும் முன்பே தார் பூசிவிடுங்கள். வைக்கோல் கயிறு நனைந்து பூசணம் பிடிப்பதால் அதற்குப் பதில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினால் போதும். மாடிக் குடியிருப்புக்காரர்கள் சுவரில் அறைந்து வைக்கும் குட்டி மகிவாராவை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது வளையாது, அடி முழுக்க முழங்கைக்கே திரும்பி வரும். ஆரம்பத்தில் ஒரு கைக்கு 20 அடி, வாரம் மூன்று நாள். கணுத் தோல் கிழிந்தால் குத்து சறுக்குகிறது என்று பொருள், வீரத்தழும்பு என்று நினைத்துத் தொடரவேண்டாம்.

சரி, இவ்வளவும் சேர்த்த குத்தோடு நிற்கிறீர்கள். பிடிக்கிறவன் என்ன செய்வான்? உங்கள் ஒரு முழத்துக்குள் நிற்கவேமாட்டான். எட்டாத தூரத்தில் நிற்பான், இல்லையென்றால் ஒட்டி நிற்பான். இரண்டுக்கும் நடுவே அவன் கடக்கும் அந்த ஒரு எட்டில் உங்களுக்கு ஒரு குத்து கிடைக்கும், அதிகம் போனால் இரண்டு. அதுவும் அவன் நிமிர்ந்து வரமாட்டான். முழங்காலை மடக்கித் தலையைத் தாழ்த்தி வருவான். முகத்துக்கு விட்ட உங்கள் குத்து நெற்றியிலோ உச்சந்தலையிலோ போய் விழும். நெற்றி எலும்பு கெட்டி, உங்கள் விரல் எலும்பு மெல்லிசு.

1993 நவம்பர் 12-ல் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி.யில், எல்லாப் பாணிக்காரரும் மோதிய போட்டியில், இது அப்படியே நடந்தது. கியோகுஷின் கராத்தேயும் சவாத் என்ற பிரெஞ்சு உதைச்சண்டையும் பழகிய நெதர்லாந்துக்காரர் ஜெரார்ட் கோர்டோ, சுமோக்காரர் டெய்லா துலியை அரை நிமிடத்துக்குள் முடித்தார். ஜெயித்தவருக்கு மிச்சம் உடைந்த கை, பாதத்தில் குத்தி நின்ற பல் துண்டுகள். அன்றிரவே இறுதியாட்டத்தில் ராய்ஸ் கிரேஸி அவரைக் கீழே கொண்டுபோய்ப் பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டி முடித்தார். கோர்டோவின் அடி வலு குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கிரேஸி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

தாழ்ந்து வரும் தலைக்கு முஷ்டி வேண்டாம். தெய்ஷோ, அதாவது உள்ளங்கை அடிப்பாகம், அல்லது கீழிருந்து மேலே வரும் முழங்கால். உதைப்பதானால் இடுப்புக்குக் கீழே, உதைத்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் காலை மடக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். முன்காலை மடக்கி முன்னே நீட்டி நிற்கும் சென்குட்சு நிலை பயிற்சிக்கு நல்லது, தொடை கட்டும். பிடிகாரன் முன்னால் அப்படி நின்றால் முன்காலைத் தட்டில் வைத்து நீட்டியதற்குச் சமம்.

இனி ஹிகிதே. குத்தும்போது மற்றக் கை இடுப்புக்கு இழுபடுகிறதே, அது. "இந்தக் கையை இழுத்தால் அந்தக் கைக்கு வலு கூடும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வெறுங்கையை இழுப்பதால் கூடும் வலு சொற்பம். அந்தக் கைக்குள் ஒரு ஆள் இருக்கவேண்டும், அதற்காகத்தான் அந்த இழுப்பு. கராத்தே பிறந்த ஒக்கினாவாத் தீவின் பழைய ஆசான் மோட்டோபு சோக்கி, இரண்டு கையும் சேர்ந்தே வேலை செய்யவேண்டும் என்பதை மெயோட்டோ-தே என்றார், கணவன் மனைவி கை என்று அர்த்தம். அவர் உயிராய்ப் பிடித்துக்கொண்ட நைஹான்ச்சி கட்டாவில் (கட்டா என்றால் தனியாகச் செய்யும் அசைவு வரிசை) கால்கள் பக்கவாட்டில்தான் நகரும், கைகள் உடம்பை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆள் ஒட்டி நிற்கும் தூரத்துக்கென்றே கட்டிய கட்டா என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜோடியாகப் பழகும் முறை: எதிரே நிற்பவர் வலது கையை உங்கள் சட்டையை நோக்கி நீட்டட்டும். உங்கள் இடது கையால் அவர் மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, மேலிருந்து கொக்கி போல மாட்டுங்கள். இடது பாதத்தை அரை எட்டு இடப்பக்கம் முன்னோக்கி வையுங்கள், அவர் கைக்கு வெளிப்பக்கம் வந்துவிடுவீர்கள். இப்போது அவர் கையை உங்கள் வயிற்றுக்குக் குறுக்காக, கீழ்நோக்கி, இடது இடுப்புக்கு இழுங்கள். இழுக்கும்போதே உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பட்டும். அவர் எடை முழுக்க வலது முன்பாதத்தில் போய் விழும், தலை முன்னே சாயும், அவருடைய இடது கை உங்களுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில் உங்கள் வலது கியாகு-சுகி, அதாவது பின்கைக் குத்து, போகிறது. அவர் வரும் வேகமும் உங்கள் குத்தின் வேகமும் கூடிப்போகும். அந்த ஒரு முழம் உங்கள் கையில் இருக்கும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், பாதத்தை வைக்காமல் நேராகத் தன்னை நோக்கி இழுப்பதில். இழுபட்டவன் நெஞ்சோடு வந்து மோதுவான், அவன் நெற்றி உங்கள் மூக்கில். அவனுக்கு வேண்டிய தூரத்தை நீங்களே இழுத்துக் கொடுத்துவிட்டீர்கள். இன்னொரு பிழை, இழுத்து முடித்துவிட்டுக் குத்துவது. இரண்டும் ஒரே இடுப்புத் திருப்பத்தில் நடக்கவேண்டும், இல்லையென்றால் அவன் கால் மாற்றிச் சமாளித்துவிடுவான். கோஜு-ரியூ என்ற கராத்தே பாணிக்காரர்களிடம் காகியே என்ற கையோடு கை ஒட்டித் தள்ளும் பயிற்சி இருக்கிறது. எதிராளியின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதைத் தொடுவதிலேயே தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

இழுத்தும் அவன் உள்ளே வந்துவிட்டால்? இதற்குப் பாடம் படிக்க பர்மாவை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. நம் ஊர்ச் சண்டையான லெத்வேயில் கையுறை கிடையாது, காஸ் துணியும் டேப்பும்தான். கட்டிப்பிடிக்கலாம், தலையால் முட்டலாம். ஐந்து சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம். பழைய விதிப்படி புள்ளி எண்ணுவதில்லை, இருவரும் கடைசிவரை நின்றால் சமன். விழுந்தவர் தெளிய இரண்டு நிமிட இடைவேளை ஒருமுறை கேட்கலாம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை போட்ட சா பா ஞெயின்தான் இதற்கு நவீன விதிகளை ஒழுங்குபடுத்தியவர். மோன், கயின் பக்கத்துப் பகோடாத் திருவிழா மேடைகளில் பாருங்கள், ஒட்டி நிற்கும்போது ஒருவரும் நீட்டிக் குத்துவதில்லை. முழங்கையும் முழங்காலும்தான் பேசும். முஷ்டிக்கு ஒரு முழம் வேண்டுமென்றால் முழங்கைக்கு ஒரு சாண் போதும், நெற்றிக்கு நாலு விரற்கடை. கராத்தேயில் எம்பி என்று முழங்கை இருக்கிறது, ஹிசா என்று முழங்கால் இருக்கிறது. காற்றில் அடித்துப் பழகுவதோடு சரி. ஒரு கையால் ஆளின் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை அவன் தாடைக்கு அருகில் அழுத்தி வைத்து அடித்துப் பழகினால்தான் அவை உபயோகப்படும்.

கால்களுக்கு வந்து கட்டினால், இரண்டு பாதத்தையும் பின்னால் எறிந்து இடுப்பைத் தாழ்த்தி, உங்கள் நெஞ்சின் எடையை அவன் தோள்பட்டை மேல் போடவேண்டும். பாதத்தை அங்கேயே வைத்துவிட்டு முதுகை மட்டும் வளைப்பவன் விழுவான். சிமெண்ட் தரையில் இதைப் பழகாதீர்கள், முழங்கால் சிப்பி தேய்ந்துவிடும்.

லோன்ஜியைப் பற்றியும், அதாவது நம் கைலியைப் பற்றியும் சொல்லவேண்டும். நம்மில் பாதிப்பேர் வீதியில் அதோடுதான் நடக்கிறோம். கட்டு அவிழாமலிருக்க ஒரு கை அங்கே போய்விடும், காலை விரித்து வைக்க முடியாது, மவாஷி-கெரி என்ற சுழல் உதையைக் கனவில்தான் போடவேண்டும். தார்பாய்ச்சிக் கட்டாமல் உதைக்க நினைப்பவர் தானே விழுவார்.

கீழே போய்விட்டால் முஷ்டி பற்றிய பேச்சே வேண்டாம். இடுப்பு தரையில் ஒட்டியிருக்கிறது, தள்ளுவதற்குப் பின்கால் இல்லை. கழுத்தின் இருபுறமும் இரத்தக் குழாய்கள் சரியாக அமுக்கப்பட்டால் பத்து விநாடிக்குள் நினைவு போகலாம். முகவாயை நெஞ்சோடு ஒட்டு, இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்து இறக்கு, எழுந்திரு. இதை மூன்று மாதம் ஒரு ஜூடோக்காரரிடம் போய்க் கற்றுக்கொள்வது எந்தப் பாணிக்கும் இழுக்கில்லை. வாடோ-ரியூ கராத்தேயைத் தொடங்கிய ஓட்சுகா ஹிரோனோரி ஜியு-ஜிட்சுவில் வளர்ந்தவர். ஷோட்டோகான் பாணியின் மூத்த ஆசான் ஃபுனகோஷி ஒன்பது எறிதல்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். 2009-ல் யு.எஃப்.சி. பட்டம் வாங்கிய லியோட்டோ மச்சிடாவின் ஷோட்டோகான் குத்தை எல்லோரும் சொல்வார்கள். அவர் சுமோவும் பழகியவர், ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டை என்பதைச் சொல்லமாட்டார்கள். அவரைக் கட்ட வந்தவர்கள் கட்ட முடியாமல் நின்ற இடத்தில்தான் அந்தக் குத்து விழுந்தது. ஒக்கினாவாப் பள்ளிகளில் கூட்டமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோதும், பிறகு போட்டி விதிகள் வந்தபோதும் பிடி கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கிப்போனது. இன்றைய உலகப் போட்டி விதியிலும் விழுந்தவன் மேல் படும் அடிக்கு மூன்று புள்ளி உண்டு, ஆனால் பிடித்துக்கொண்டே நிற்க விடமாட்டார்கள்.

வாரத்தில் மூன்று வகுப்பு என்றால் ஒன்றில் இருபது நிமிடத்தை ஹிகிதேவுக்கு ஒதுக்குங்கள். இரண்டு நிமிடம் ஒரு சுற்று, நடுவில் அரை நிமிடம் ஓய்வு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஜோடி மாறவேண்டும். எடை வித்தியாசமான ஆளாகப் பார்த்து மாற்றுங்கள். 60 கிலோ ஆளிடம் பளிச்சென்று வேலை செய்த இழுப்பு, 85 கிலோ ஆளிடம் வெறும் கையோடு நின்றுவிடும். உங்கள் இடது பாதம் அந்த அரை எட்டு நகரவே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.