ஒரு வாய் மட்டும்

"ஒரு வாய் மட்டும் குடி பிள்ளை" என்று சொன்னது நான்தான். என்னிடம் பழகுகிற ஒரு பிள்ளை கேட்டாள், நான் சொன்னேன், அவ்வளவுதான் நடந்தது. இந்தப் பருவத்தில் எங்கள் மல்யுத்த அணியில் எவ்வளவோ நடந்துவிட்டது, ஆனால் எழுத உட்கார்ந்தால் அதுதான் முன்னுக்கு வந்து நிற்கிறது.

மற்றதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாகாண மட்டத்துக்குப் பதினொரு பேரைக் கொண்டுபோனேன், ஏழு பெண்பிள்ளைகள், நாலு பெடியள். ஐந்து பதக்கம் கிடைத்தது, அதில் ஒன்று தங்கம். மணலுக்கு மேல் தறப்பாள் விரித்துப் பழகத் தொடங்கின அணிக்கு இது சின்ன விஷயமில்லை. போட்டி மெத்தையில் வட்டம் 9 மீற்றர். எங்களிடம் இருக்கிற மெத்தைத் துண்டுகளை எல்லாம் ஒட்டவைத்தாலும் அதில் பாதி வராது, அதனால் விளிம்புக்குத் தள்ளினால் எப்படி நிற்பது என்பதை எங்கள் பிள்ளைகள் போட்டியில் வைத்துத்தான் படிக்கிறார்கள். காலை வெளியே வைத்தால் எதிராளிக்கு ஒரு புள்ளி. அப்படியே இரண்டு போட்டியில் தோற்றோம். அதற்கு அடுத்த வருடம் ஒரு வழி பார்க்கவேண்டும்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். மே மாதம், முள்ளிவாய்க்கால் நினைவு வாரம். பயிற்சி முடிந்து பிள்ளைகளோடு சந்திக்கு நடந்து வந்தால் மரத்துக்குக் கீழே பெரிய பானையில் கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு, வேறொன்றும் இல்லை. ஏன் அப்படிக் காய்ச்சுகிறார்கள் என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வரிசையில் நின்று ஆளுக்கொரு சிரட்டை வாங்கினோம். என்னைக் கேட்ட அந்தப் பிள்ளை சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், முழங்கையிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது, அரிசி அடியில் போய் மேலே தண்ணீர் மட்டும் தெளிந்திருந்தது. குடிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"சேர், குடிக்கட்டோ?"

சனிக்கிழமை காலை நிறை அளப்பு. அவளுக்கு 46 கிலோப் பிரிவு. அன்று காலை தராசு 46.7 காட்டியது. என் தலைக்குள் ஓடியது அந்தக் கணக்கு மட்டும்தான். சொன்னேன். அவள் சரியாக ஒரு வாய் குடித்தாள், மிச்சத்தைப் பக்கத்தில் நின்ற 53 கிலோப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கித் தோளில் போட்டாள். பானையடியில் நின்ற அம்மா அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

நான் சொன்னது பிழையில்லை என்று இன்றைக்கும் வாதாட என்னால் முடியும். 47 கிலோ இருக்கிற பிள்ளையை அடுத்த பிரிவான 49இல் இறக்கினால் அங்கே வருகிறவர்கள் 51, 52 இலிருந்து இறங்கி வந்து நிற்பவர்கள். கழுத்தையும் கையையும் சேர்த்துக் கட்டித் தூக்கி எறிகிற விளையாட்டில் நாலு கிலோ வித்தியாசம் சின்னதில்லை. 700 கிராமை இரண்டு நாளில் இறக்குவதும் பெரிய வதை கிடையாது, இரவுச் சாப்பாட்டைக் குறைத்து உப்பைக் கவனித்தாலே போதும். நான் யாரையும் பட்டினி போடவில்லை. 2024 ஓகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை வினேஷ் போகத் 50 கிலோ இறுதிப் போட்டி நடக்கிற அன்று காலை 100 கிராம் கூடவென்று தகுதி இழந்தபோது எங்கள் பிள்ளைகள் என் போனைச் சுற்றி நின்றுதான் பார்த்தார்கள். "100 கிராமோ சேர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஓம், 100 கிராம்தான், அதனால் ஒவ்வொரு வாயையும் எண்ணிச் சாப்பிடவேண்டும் என்று நான் சொன்னேன். அன்றைக்கு அது நல்ல பாடமாகத் தெரிந்தது. என்னிடம் அனுமதி கேட்டுச் சாப்பிடுகிற பழக்கம் அவளுக்கு அந்த நாளில்தான் வந்திருக்கவேண்டும்.

ஆனால் கஞ்சி சாப்பாட்டுக் கணக்கில் வருகிறதா? மே மாதத்தில் அதைப் பசிக்கு யாரும் குடிப்பதில்லை. 2009இல், போரின் கடைசி நாட்களில், எனக்குப் பதினேழு வயது, இந்தக் கஞ்சிக்கு வரிசையில் பால்மா ரின்னோடு நின்றவன் நான். முன்னுக்கு நிற்கிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு, பானை என்னிடம் வரும்வரை தாங்குமா என்று நினைத்தபடி நின்றது இன்னும் அப்படியே இருக்கிறது. அப்படி நின்ற ஒருவன் ஒரு பிள்ளையின் கையில் இருக்கிற சிரட்டையைப் பார்த்து ஒரு வாய் மட்டும் என்று எப்படிச் சொன்னான்? அவள் அப்போது கைக்குழந்தையாகக்கூட இருந்திருக்கமாட்டாள். அவளுக்கு அந்த நாட்களோடு இருக்கிற தொடர்பே வருடத்துக்கு ஒருமுறை வருகிற அந்தச் சிரட்டைதான் என்று சில நேரம் நினைக்கிறேன். சில நேரம், இது நானாகப் பெரிதாக்குவது, அவளுக்கு அது வெறும் கஞ்சி, மறுநாளே மறந்திருப்பாள் என்றும் படுகிறது.

சனிக்கிழமை காலை தராசில் ஏறினாள். 45.6. நானூறு கிராம் மிச்சம். பிறகு ஒருநாள் வீட்டில் ஒரு சிரட்டையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மனைவியின் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். 220 கிராம். முழுவதும் குடித்திருந்தாலும், அது அப்படியே இரண்டு நாளும் வயிற்றில் தங்கியிருந்தாலும், 180 கிராம் மிச்சமாகத்தான் நின்றிருப்பாள். வியாழக்கிழமை எனக்கு அது தெரிய வழியில்லை என்பது உண்மை. தெரியாதபோது குடிக்கச் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை.

அரையிறுதியில் தோற்றாள். 17 வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டு நிமிடமாக இரண்டு சுற்று. முதல் சுற்றிலேயே இரண்டு முறை காலைப் பிடித்து விழுத்தி 4-0 என்று முன்னால் போய்விட்டாள். இடையில் வருகிற 30 விநாடியில் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னது, "இனிப் பிடிக்கப் போகாதை, காத்து நில்." காத்து நின்றாள். முடிய இருபது விநாடி இருக்கும்போது மற்றப் பிள்ளை கழுத்தைக் கட்டி ஒரே எறி, நாலு புள்ளி. 4-4. சமநிலை என்றால் ஒரே தடவையில் பெரிய புள்ளி எடுத்தவருக்குத்தான் வெற்றி, அவளுடையது இரண்டும் இரண்டும், மற்றவளுடையது ஒரே நாலு. எழும்பித் திரும்பக் காலுக்குப் போனாள், பிடி வழுக்கிவிட்டது. பிறகு மூன்றாம் இடத்துக்கான போட்டியில் வென்று வெண்கலம் எடுத்தாள்.

அந்தக் கடைசி இருபது விநாடியில் கையில் பலம் இல்லாமல் போனது நிறை இறக்கியதாலா, நான் காத்து நிற்கச் சொன்னதாலா, அந்த எறிக்கு எதிர்ப்பிடியை நான் ஒழுங்காகப் பழக்காததாலா? பயிற்றுவிப்பாளராகப் பார்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும்தான் காரணம். முன்னால் நிற்கிற ஒருவரைப் பின்வாங்கச் சொன்னால் எதிராளி துணிந்து எறிவார், இது எனக்குத் தெரிந்த விஷயம், மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற விஷயம். அதைப் பற்றி நான் இந்த அளவுக்கு யோசிப்பதில்லை, கஞ்சியைத்தான் யோசிக்கிறேன். கஞ்சியைப் பற்றி வருந்துவது எனக்கு மற்றதைவிட இலேசாக இருக்கிறதோ என்றும் சந்தேகம் வருகிறது. இல்லை, அப்படியுமில்லை. தோல்வி அடுத்த போட்டியோடு போய்விடும்.

இன்னொன்றையும் எழுதவேண்டும், இவ்வளவு நேரமும் விட்டுவிட்டேன். அவள் என்னைக் கேட்டபோது என் கையில் இருந்த சிரட்டை காலி. நான் முழுவதும் குடித்து முடித்திருந்தேன்.

போன மாதம் அவளிடமே கேட்டேன். அன்றைக்குக் கஞ்சியை முழுக்கக் குடிக்கவிடவில்லையே, மனதில் ஏதும் இருக்கிறதா என்று. சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "இல்லை சேர். நீங்கள் வேண்டாம் எண்டிருந்தால் வாயிலயே வச்சிருக்கமாட்டன்." எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிச் சொன்னாள் என்று நினைக்கிறேன். அதன் பிறகு இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சரியாக வரவில்லை.

களஞ்சிய அறைச் சுவரில் நெத்மி அஹிம்சாவின் படம் ஒட்டியிருக்கிறோம். 2022இல் பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் 57 கிலோவில் வெண்கலம் எடுத்த இலங்கைப் பிள்ளை. அதைப் பார்த்துத்தான் எங்களிடம் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள், அவளும் அதில் ஒருத்தி. தேசிய மட்டத்தில் பதக்கம் இருந்தால் பல்கலைக்கழக அனுமதியில் சிறப்பு ஏற்பாட்டின் கீழ் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. தகப்பன் கூலிவேலைக்குப் போகிற வீட்டில் அந்த வழி எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இறுக்கிப் பிடிக்கிறேன். இறுக்கிப் பிடிப்பதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

இந்தமுறை பிரிவைப் பிள்ளைகளே தெரிவு செய்யட்டும், நான் தலையிடமாட்டேன் என்று முடிவெடுத்து எல்லோருக்கும் சொன்னேன். அவளுக்கு இப்போது 48 கிலோ, வளர்கிற பிள்ளை. 49 என்று எழுதுவாள் என்று நினைத்தேன். படிவத்தை வாங்கிப் பார்த்தால் 46. "இறக்கிடுவன் சேர்" என்றாள். 46இல் அந்த அரையிறுதிப் பிள்ளை இனி இல்லை, வயது தாண்டிவிட்டாள். படிவத்தைத் திருப்பிக் கொடுத்து யோசித்து எழுது என்று சொல்லியிருக்கவேண்டும். நான் கையெழுத்து வைத்தேன். வைத்தபோது உள்ளுக்குள் எனக்குச் சந்தோசமாக இருந்தது.